இயற்பியல் படிக்க எந்தக் காரணம் போதும்?

பிளஸ் டூ முடிவு வந்து, பொறியியல் கலந்தாய்வுக்கு வீடே தயாராகிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பிள்ளை, "நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் சேரப்போறேன்" என்று சொன்னால், எல்லா வீட்டிலும் அடுத்து வருவது ஒரே கேள்விதான்: "ஏன்?" அப்பா கேட்கும்போது அதில் வேலை பற்றிய கவலை இருக்கும். பக்கத்து வீட்டு மாமா கேட்கும்போது, கட் ஆஃப் குறைந்துவிட்டதோ என்ற சந்தேகம் இருக்கும். நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில் பேராசிரியர்களும் இதையே கேட்பார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் இரண்டு பக்கம் எழுதியே கொடுக்கச் சொல்வார்கள்.

இந்தக் கேள்விக்கு ஏதோ மகத்தான பதில் இருந்தாக வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று ஐந்து வயதிலேயே கேட்டிருக்க வேண்டும், மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்த்திருக்க வேண்டும், வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். இப்படி எதுவும் இல்லாத பிள்ளை, கணக்கு வரும், பாடம் பிடிக்கும் என்ற அளவில் இருக்கும் பிள்ளை, 'நமக்கு இதற்குத் தகுதி இல்லை போல' என்று ஒதுங்கிவிடுகிறது. பெண்பிள்ளைகளும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களும் இப்படி ஒதுங்குவது அதிகம் என்பது என் எண்ணம். அதனால்தான் இதைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒருவரை இயற்பியலுக்குள் அழைத்து வரும் காரணம் வேறு. அவரை அங்கே இருக்கவைக்கும் காரணம் வேறு. முதலாவது எதுவாகவும் இருக்கலாம். அது சின்னதா பெரிதா என்பதை வைத்து யாரையும் எடைபோட முடியாது. இரண்டாவது, வேலையில் இறங்கிய பிறகு, வேலைக்குள்ளேயே உருவாவது. நாம் பதினேழு வயதுப் பிள்ளையிடம் முதலாவதைக் கேட்டுவிட்டு, அதை வைத்து இரண்டாவதைத் தீர்ப்புச் சொல்கிறோம்.

மாக்ஸ் பிளாங்க்கை எடுத்துக்கொள்வோம். 1874-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேரும்போது அவருக்கு 16 வயது. பிலிப் ஃபான் ஜாலி என்ற இயற்பியல் பேராசிரியரிடம் யோசனை கேட்டார். அவர் தடுத்தார். இந்தத் துறையில் ஏறத்தாழ எல்லாவற்றையும் கண்டுபிடித்தாயிற்று, அங்கங்கே சில இடைவெளிகளை நிரப்புவதுதான் பாக்கி என்பது அவர் கருத்து. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை தனக்கில்லை, இருப்பதன் அடிப்படையைப் புரிந்துகொண்டால் போதும் என்ற நிலையில்தான் பிளாங்க் சேர்ந்தார். இன்று ஒரு மாணவர் நேர்காணலில் இப்படிச் சொன்னால், 'லட்சியம் போதாது' என்று குறித்துவைப்பார்கள். ஆனால் அதே பிளாங்க்தான் 1900-இல், தன் 42-ஆம் வயதில், சூடான பொருள் உமிழும் ஒளியின் கணக்கைச் சரியாக்கப் போய், ஆற்றல் துண்டு துண்டாகத்தான் கைமாறுகிறது என்ற முடிவுக்கு வந்து, குவாண்டம் இயற்பியலின் கதவைத் திறந்தார். இருப்பதைப் புரிந்துகொள்ளும் ஆசையே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

பிளாங்க்கின் அறுபதாவது பிறந்தநாளுக்காக 1918-இல் பெர்லினில் நடந்த கூட்டத்தில் ஐன்ஸ்டைன் பேசிய பேச்சு, இந்தப் பொருளில் மிகவும் அறியப்பட்டது. அறிவியலை ஒரு கோயிலாக அவர் உருவகித்தார். தங்கள் மூளைத்திறனைக் காட்டி மகிழ வந்தவர்களும், பிழைப்புக்காக வந்தவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஒரு தேவதை வந்து இவர்களையெல்லாம் வெளியேற்றினால் மிகச் சிலரே மிஞ்சுவார்கள், பிளாங்க் அவர்களில் ஒருவர் என்றார். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐன்ஸ்டைன் நிறுத்தவில்லை. வெளியேற்றப்பட்டவர்களில் நல்லவர்கள் பலர் உண்டு, கோயிலின் பெரும்பகுதியைக் கட்டியவர்களே அவர்கள்தாம் என்றும் ஒப்புக்கொண்டார். பேச்சின் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். பிளாங்க் போன்றவர்களின் அன்றாட உழைப்பு எந்தத் தீர்மானத்திலிருந்தும் திட்டத்திலிருந்தும் வருவதில்லை, அது நேரே உள்ளத்திலிருந்து வருகிறது என்றார். நான் அடிக்கோடிட விரும்புவது 'அன்றாட உழைப்பு' என்பதை.

அந்த அன்றாட உழைப்பு எப்படி இருக்கும் என்று கிட்டப்போய்ப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. இயற்பியல் படித்த எல்லோருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் தெரியும். இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் சிவப்பாகத்தான் எரியும். சில நிமிடம் பொறுத்தால் மஞ்சளுக்கு மாறும். முப்பட்டகக் கண்ணாடியை மேடையில் வைத்து, தொலைநோக்கி வழியாகப் பிளவின் மஞ்சள் பிம்பத்தைத் தேட வேண்டும். பிம்பம் கிடைத்ததும் மேடையை மெதுவாகத் திருப்பினால் அது ஒரு பக்கமாக நகரும். நகர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். மேடையை அதே திசையில் திருப்பிக்கொண்டே இருந்தாலும், பிம்பம் வந்த வழியே திரும்பத் தொடங்கும். அந்தத் திரும்பும் இடம்தான் சிறும திசைமாற்றக் கோணம். குறுக்குக் கம்பியை அதன்மேல் கொண்டுவந்து, லென்ஸை வைத்து வெர்னியரைப் படிக்க வேண்டும். பொதுவான கல்லூரிக் கருவியில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை படிக்கலாம். ரீடிங் எடுத்து முடிப்பதற்குள் கண் வலிக்கும், கழுத்து வலிக்கும், பக்கத்து மேசைக்காரர் இடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இந்த ஒரு மணி நேரத்தில் மூன்று வகைப் பிள்ளைகளைப் பார்க்கலாம். ரெக்கார்டு நோட்டுக்காகப் பழைய ரீடிங்கை வாங்கி எழுதிக்கொள்பவர் ஒருவர். பொறுமையாக எடுத்து, கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5-க்குப் பக்கத்தில் வந்ததும் நிம்மதியாகக் கிளம்புபவர் இன்னொருவர். மூன்றாமவருக்கு, மேடை ஒரே பக்கம் திரும்பும்போது பிம்பம் மட்டும் ஏன் திரும்பிப் போகிறது என்பது மனதில் ஒட்டிக்கொள்ளும். மதியம் சாப்பிடும்போதும் அதையே யோசிப்பார். இவர் ஐந்து வயதில் நட்சத்திரம் பார்த்தாரா இல்லையா என்பது யாருக்கும் தேவையில்லை.

சி. வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, இதே மாதிரி ஒரு சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். எல்லா மாணவர்களும் செய்யும் பயிற்சிதான். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது ஓரத்தில் தெரிந்த பட்டைகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்று கவனித்தார். அதைப் பின்தொடர்ந்து போய் எழுதிய கட்டுரை 1906-இல் லண்டனின் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு 18 வயது.

அந்த ராமனும் உடனே இயற்பியலைத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. இங்கிலாந்து போய்ப் படிக்க உடல்நிலை தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தியாவில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள அன்று வழி இல்லை. எனவே நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-இல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு, ஆபீசுக்கு முன்னும் ஆபீஸ் முடிந்த பின்னும் போய் வேலை செய்தார். ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகி இருந்த காலம் போக, பத்தாண்டுகள் இப்படியே ஓடின. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் கணிசமாகக் குறையும் என்று தெரிந்தே அரசு வேலையை விட்டார். ராமன் விளைவு 1928-இல், நோபல் 1930-இல். பரிசைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பத்தாண்டு. பரிசும் பதவியும் கண்ணில் தெரியாத காலத்தில், ஆபீஸ் களைப்போடு அந்த ஆய்வுக்கூடத்துக்குள் அவரை நுழையவைத்த காரணம், நீடிக்கும் வகையைச் சேர்ந்தது.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. பால் டிராக் பிரிஸ்டலில் மின்பொறியியல் முடித்தது 1921-இல். முதலாம் உலகப்போருக்குப் பிந்தைய மந்தநிலையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் இடம் கிடைத்தும் உதவித்தொகை செலவுக்குப் போதவில்லை. சும்மா இருப்பதற்குப் பதில், பிரிஸ்டலிலேயே கட்டணமில்லாமல் கணிதம் படிக்கக் கிடைத்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு, 1923-இல்தான் கேம்பிரிட்ஜ் போனார். எலெக்ட்ரானுக்கான அவருடைய சமன்பாடு 1928-இல் வந்தது. 'வேலை கிடைக்கல, அதனால மேல படிக்கிறான்' என்று நம் ஊரில் ஒருவரைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். இறங்க வேண்டிய அவசியமே இல்லை. பொறியியல் படிப்புதான் தோராயக் கணக்கோடு அச்சமின்றிப் பழகத் தனக்குக் கற்றுக்கொடுத்தது என்று டிராக் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இயற்பியலாளர் அன்னா மாணியின் வாழ்க்கை இதைவிட நிறையச் சொல்லும். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் பெண்குழந்தைக்கு எட்டாவது பிறந்தநாளில் வைரத்தோடு போடுவது வழக்கம். அதற்குப் பதில் 'என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா' தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலில் மருத்துவம் படிக்கத்தான் ஆசை. இயற்பியலில் தேர்ச்சி நன்றாக இருந்ததால் மாநிலக் கல்லூரியில் அதை எடுத்தார். அவ்வளவுதான் காரணம். பிறகு பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களும் மாணிக்கங்களும் ஒளிரும் விதத்தை ஆராய்ந்தார். ஒரு நிறமாலை ஒளிப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். இரவில் ஆய்வுக்கூடத்திலேயே தூங்கி எழுந்து வேலை பார்த்தார். ஆய்வேட்டை 1945-இல் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. இயற்பியல் ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று லண்டன் போகப் பார்த்தார். கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகளுக்கானது. அதையே படித்தார். 1948-இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். அவர் தொகுத்த கதிர்வீச்சு அளவீடுகள், சூரிய ஆற்றலைப் பயன்படுத்த நினைத்த பொறியாளர்களுக்கு அடிப்படையாக அமைந்தன.

மருத்துவ ஆசை, நல்ல மதிப்பெண், வைரத்தின் ஒளி, கிடைத்த உதவித்தொகை, பிழையாகக் காட்டும் கருவியைப் பொறுத்துக்கொள்ளாத குணம் என்று அவருடைய காரணம் வழியெல்லாம் மாறிக்கொண்டே வந்தது. எந்த இடத்தில் நிறுத்தி "ஏன்?" என்று கேட்டிருந்தாலும் வேறொரு பதில்தான் கிடைத்திருக்கும். துல்லியமாக அளக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஒன்றுதான் வைரத்திலிருந்து வானிலை வரை கூடவே வந்திருக்கிறது.

இனி, பெரிய கனவோடு வரும் பிள்ளைகள். இன்று கருந்துளை பற்றிய காணொளிகளைப் பார்த்து இயற்பியல் மேல் ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். அந்த ஆசையைக் குறைத்துப் பேச மாட்டேன். அதன் மறுபக்கத்தில் இருக்கும் வேலையை அவர்களுக்குக் காட்ட வேண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவில் இருக்கும் லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வுக்கூடத்தின் இரண்டு மையங்களிலும், இரு கருந்துளைகள் மோதி இணைந்ததால் எழுந்த ஈர்ப்பலை பதிவானது. 4 கிலோமீட்டர் நீளக் குழாய்களின் முனைகளில் தொங்கும் கண்ணாடிகளுக்கு இடையிலான தூரம், ஒரு புரோட்டானின் விட்டத்தைவிடப் பல நூறு மடங்கு சிறிய அளவில் மாறியதை அந்தக் கருவி பிடித்தது. அதை அறிவித்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருந்தன. அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் செய்தது இரைச்சலைக் குறைக்கும் வேலை. 40 கிலோ எடையுள்ள கண்ணாடியை மெல்லிய சிலிக்கா இழையில் எப்படித் தொங்கவிடுவது, தூரத்துக் கடலலை தரையை அசைப்பதை எப்படிக் கழிப்பது, லேசரின் நடுக்கத்தை எப்படி அடக்குவது என்பன போன்ற வேலைகள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதே போன்ற ஒரு மையத்துக்கு மத்திய அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கும். கருந்துளைக்காக வந்த பெண், ஆறு ஆண்டுகள் ஒரு கண்ணாடியின் அதிர்வோடு மல்லுக்கட்டுவார். அந்த அதிர்வே அவருக்குச் சுவையாகிவிட்டால் பிரச்சினை இல்லை. கருந்துளையைப் பற்றித் தெரிந்துகொள்வது மட்டுமே பிடிக்கும் என்றால், அவர் நல்ல வாசகராகவோ, நல்ல அறிவியல் எழுத்தாளராகவோ இருக்கலாம். அதுவும் மதிப்புள்ள வாழ்க்கைதான். ஆனால் இவை இரண்டும் வேறு வேறு என்பதைச் சேரும்முன்பே அவருக்குச் சொல்வது நம் கடமை.

முதலில் முறியும் காரணம் ஒன்று உண்டு. "கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட், பிசிக்ஸ்தான் கஷ்டமான பாடம், அதனால பிசிக்ஸ்" என்பது. நல்ல நிறுவனத்துக்குப் போனதும் அந்த வகுப்பில் எல்லோரும் அவரவர் பள்ளியில் முதலிடம் வந்தவர்களாக இருப்பார்கள். அங்கே பத்தாவது இடத்தில் நிற்கும்போது, தன்னை நிரூபிக்க வந்த பிள்ளைக்குக் காலடியில் தரையே இருக்காது. இந்தக் காரணத்தோடு பிள்ளை கிளம்பினால், பெருமைப்படுவதோடு நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பொருளை வாழ்நாள் முழுக்க யோசித்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1987-இல் வெளிவந்த 'ட்ரூத் அண்ட் பியூட்டி' என்ற உரைத்தொகுப்பின் துணைத்தலைப்பிலேயே அறிவியலில் அழகும் உந்துதலும் என்பதை வைத்தார். கணிதமேதை ராமானுஜனை முன்மாதிரியாகக் கொண்ட அவருக்குக் கணிதத்தில்தான் நாட்டம். தந்தையோ மகன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்று விரும்பினார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் சேர்ந்தது ஒருவகைச் சமரசம்தான். 1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மன் இயற்பியலாளர் சாமர்ஃபெல்டைச் சந்தித்தபோது, தான் படித்துவைத்த அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். சோர்ந்துவிடாமல் புதியதைப் படித்தார். 1930-இல் இங்கிலாந்து போகும் கப்பலில், எரிந்து தீர்ந்த விண்மீனின் எச்சமான வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்குக்கு வந்தார். வானியலாளர் எடிங்டன் 1935-இல் அதை எல்லோர் முன்னிலையிலும் மறுத்தார். நோபல் கிடைக்க 1983 ஆயிற்று. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் சந்திரசேகர் காத்துக்கொண்டு இருக்கவில்லை. ஒரு துறையை எடுப்பார், பத்தாண்டு போல அதில் மூழ்குவார், தன் பார்வையில் அது ஒழுங்காகத் தெரிந்ததும் ஒரு புத்தகம் எழுதி மூடிவிட்டு அடுத்ததற்குப் போவார். ஒரு துறையைத் தன் கோணத்தில் முழுமையாகக் காண்பதே தன் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கடைசியாகப் பணம். அப்பா கேட்ட கேள்வி நியாயமானது, அதற்கு நேரான பதில் தர வேண்டும். எம்.எஸ்சி. முடித்து, நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால், 2023 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள். அதன்பின் முனைவர் பட்ட மேலாய்வாளராக இரண்டு மூன்று ஊர்கள். நிரந்தர ஆராய்ச்சி வேலை கிடைக்கும்போது முப்பதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுவது சாதாரணம். சேர்கிற எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. வீட்டில் கடனோ, தம்பி தங்கை படிப்போ இருந்தால் இந்தக் கணக்கை மறைக்காமல் பேச வேண்டும்.

ஆனால் இயற்பியல் என்றால் கோட்பாட்டு ஆராய்ச்சி மட்டும் என்று நினைப்பதும் தவறு. அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி 1957-லிருந்து நடக்கிறது. எம்.எஸ்சி. முடித்தவர்களை அது உதவித்தொகையோடு பயிற்றுவித்து விஞ்ஞானிகளாக எடுத்துக்கொள்கிறது. புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில், கட்டிக்கு எவ்வளவு கதிர் போக வேண்டும், பக்கத்துத் திசுவுக்கு எவ்வளவுக்குமேல் போகக் கூடாது என்று கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே அதற்கு எம்.எஸ்சி. இருக்கிறது. 'மனுஷங்களுக்கு உதவணும்' என்ற ஆசையும் ஒருவரை இயற்பியலுக்குக் கொண்டுவரலாம். பள்ளி ஆசிரியராகப் போகிறவர்களை 'வெறும் டீச்சர்' என்று சொல்லும் வழக்கம் எனக்கு வருத்தமளிக்கிறது. வருத்தத்துக்குக் காரணம் எளிது: அந்த மூன்றாவது மாணவரின் கேள்வியைப் பதினைந்து வயதில் அணையாமல் காப்பவர் ஓர் ஆசிரியர்தான்.

எனவே பதினேழு வயதில் ஒரு பிள்ளை, "கணக்கு வருது, பாடம் பிடிக்குது, செஞ்சு பாக்கறேன்" என்று சொன்னால், தொடங்குவதற்கு அது போதும். தொடரலாமா என்பதைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குள் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் உண்மையான ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யக் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. அதற்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால், பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். போன இடத்தில் ஆராய்ச்சி மாணவர்களிடம் கருந்துளையைப் பற்றிக் கேட்பதைவிட, போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்தீர்கள், எது சரியாக வரவில்லை, வராதபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு வர வேண்டும்.